எல்லையோரம் கேட்காமல் போகும் எச்சரிக்கை ஒலி: பாறசாலை, நெய்யாற்றின்கரை கிராமங்களும் பக்கவாதமும்

புது தில்லி: கேரளத்தின் தென்கோடியில் பாறசாலை, வெள்ளறடை, பனச்சமூடு பகுதிகளின் ரப்பர் தோட்டங்களில் பால்வெட்டு விடிவதற்கு முன்பே தொடங்கிவிடும். கத்தியைப் பிடித்த வலது கை திடீரென மரத்துப்போகிறது. கையிலிருந்த சிரட்டை நழுவுகிறது. வாய் சற்றே கோணுகிறது. கூப்பிட நினைத்த பெயர் நாவில் வர மறுக்கிறது. பத்து நிமிடங்களில் எல்லாம் பழையபடி சரியாகிவிடுகிறது. தூக்கமின்மை, பித்தம், வெறும் வயிறு என ஏதோ ஒரு காரணமும் கிடைத்துவிடுகிறது. மீதி மரங்களை வெட்டி முடித்துவிட்டுத் தொழிலாளி வீடு திரும்புகிறார்.

எல்லையின் இரு புறத்திலும் எந்தக் குடும்பத்திலும் நடக்கக்கூடிய நிகழ்ச்சி இது. இதை மருத்துவர்கள் 'சரியாகிவிட்ட' ஒன்றாகக் கருதுவதில்லை. மூளைக்குச் செல்லும் ரத்தக் குழாயை ஒரு சிறு கட்டி சில நிமிடங்கள் அடைத்துவிட்டுக் கரைந்து போயிருக்கிறது என்பதே அதன் பொருள். அடுத்து வருவது கரையாமல் போகலாம். இத்தகைய தற்காலிகத் தாக்குதலுக்கு ஆளானவர்களில் ஏறத்தாழ பத்தில் ஒருவர் 90 நாள்களுக்குள் முழுப் பக்கவாதத்துக்கு ஆளாகிறார் என்றும், அவர்களில் பாதிப் பேருக்கு அது முதல் இரண்டு நாள்களிலேயே வந்துவிடுகிறது என்றும் 2000-ஆம் ஆண்டில் வெளியான அமெரிக்க ஆய்வு காட்டியது.

அந்தக் கட்டிகள் மூளைக்குள் செல்வதைக் காதால் கேட்கவே ஒரு கருவி இருக்கிறது. அந்தத் துறைக்கான ஆய்வகத்தைக் கொண்ட தேசிய மருத்துவ நிறுவனம் பாறசாலையிலிருந்து முப்பது கிலோமீட்டர் தொலைவில், திருவனந்தபுரத்தில் உள்ளது. நாடாளுமன்றம் சட்டம் இயற்றி உருவாக்கிய நிறுவனம் அது. இருந்தும் அந்த முப்பது கிலோமீட்டரில் எச்சரிக்கை எங்கோ தொலைந்து போகிறது.

தலைக்குள் ஒரு ரயில் ஊதல்: கருவியின் அடிப்படை ஒன்றும் புதிதன்று. ஆஸ்திரியாவைச் சேர்ந்த கிறிஸ்டியன் டாப்ளர் 1842-இல் பிராக் நகரில் வெளியிட்ட கொள்கைதான் அது. ரயில் நெருங்கி வரும்போது அதன் ஊதல் உச்சத்தில் ஒலிக்கிறது. கடந்து சென்றதும் சுருதி இறங்கிவிடுகிறது. 1979-இல் திருவனந்தபுரம் - நாகர்கோவில் ரயில் பாதை திறக்கப்பட்டதிலிருந்து பாறசாலை நிலையத்தருகே குடியிருப்போர் நாள்தோறும் கேட்டுவரும் வேறுபாடு இதுவே. ரயிலுக்குப் பதிலாக ரத்த அணுக்களையும், ஊதலுக்குப் பதிலாக மனிதச் செவிக்கு எட்டாத அல்ட்ராசவுண்ட் அலையையும் வைத்துக்கொண்டால் டாப்ளர் பரிசோதனை விளங்கிவிடும். ஓடும் ரத்தத்தில் பட்டுத் திரும்பும் அலையின் சுருதி மாறுகிறது. அந்த மாற்றத்திலிருந்து ரத்தம் எந்தத் திசையில், என்ன வேகத்தில் ஓடுகிறது என்பது கணக்கிடப்படுகிறது.

கழுத்திலும் காலிலும் இது எளிது. மூளையைப் பொறுத்தவரை மண்டையோடு குறுக்கே நின்றது. அலை எலும்பில் சிதறிவிடும், உள்ளே சென்று திரும்பாது என்றே நெடுங்காலம் கருதப்பட்டது. நார்வே நாட்டைச் சேர்ந்த ரூனே ஆஸ்லிட், சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் பணியாற்றியபோது 1982-இல் அந்தத் தடையைக் கடந்தார். அவர் செய்தவை இரண்டு. வழக்கமான அதிர்வெண்ணைக் குறைத்து இரண்டு மெகாஹெர்ட்ஸ் அலையைப் பயன்படுத்தினார். காதுக்கு முன்னே, கன்ன எலும்புக்கு மேலே, நெற்றிப்பொட்டில் எலும்பு மிக மெல்லியதாக இருக்கும் இடத்தைச் சன்னலாகத் தேர்ந்துகொண்டார். அந்தச் சன்னலின் வழியே ஏறத்தாழ ஐந்து, ஆறு சென்டிமீட்டர் ஆழத்தில் நடுமூளைத் தமனி அகப்பட்டது. மூளையின் ஒரு பாதிக்குத் தேவையான ரத்தத்தில் பெரும்பகுதி அந்தக் குழாயின் வழியாகவே செல்கிறது.

நுண்கட்டிகள் செவிக்கு எட்டியது அதன் பிறகே. இதய அறுவைச் சிகிச்சையின்போது இக்கருவியைப் பொருத்தியிருந்த மருத்துவர்கள், சீரான இரைச்சலுக்கு நடுவே அவ்வப்போது 'கீச்' என்ற ஒலி எழுவதை 1980-களின் நடுவில் கவனித்தனர். இதய - நுரையீரல் இயந்திரத்திலிருந்து தப்பி வந்த காற்றுக் குமிழிகள் எழுப்பிய ஒலி அது. கழுத்துத் தமனியில் அறுவை நடக்கும்போது, அங்கிருந்து பெயர்ந்து செல்லும் துகள்களும் இவ்வாறே ஒலிக்கின்றன என்பதை அமெரிக்காவின் மெரில் ஸ்பென்சரும் குழுவினரும் 1990-இல் வெளியிட்டனர். ரத்த அணுக்கள் மிகச் சிறியவை. அவை திருப்பி அனுப்பும் அலை பலவீனமானது. அவற்றுக்கிடையே ஒரு கொழுப்புத் துணுக்கோ, தட்டணுக் கொத்தோ, காற்றுக் குமிழியோ மிதந்து வந்தால் அந்தக் கணத்தில் எதிரொலி பலமாகிறது. மருத்துவர்கள் எம்போலஸ் என்று கூறும் இந்த நுண்கட்டி எதிரொலியில் தன்னைக் காட்டிக்கொடுத்துவிடுகிறது.

எல்லா ஒலியும் கட்டி ஆகிவிடாது. நோயாளி இருமினாலும், பல்லைக் கடித்தாலும், கருவி நெற்றியில் உரசினாலும் ஒலி எழும். எனவே 1995-இல் பன்னாட்டு வல்லுநர் குழு ஒன்று இலக்கணம் வகுத்தது. ஒலி 300 மில்லி விநாடிக்குள் முடிந்துவிட வேண்டும்; பின்னணி இரைச்சலைவிடக் குறைந்தது மூன்று டெசிபெல் ஓங்கியிருக்க வேண்டும்; ரத்தம் ஓடும் திசையில் மட்டுமே பதிவாக வேண்டும்; செவிக்குச் சொடுக்குப் போலவோ, கீச்சுப் போலவோ, முனகல் போலவோ கேட்க வேண்டும். உரசலால் எழும் ஒலி இரு திசைகளிலும் பதிவாகும் என்பதால் அது அடையாளம் தெரிந்துவிடும். மருத்துவ இலக்கணத்தில் 'முனகல்' என்ற சொல் இடம்பெற்றது அபூர்வமே.

பரிசோதனையில் ஊசி இல்லை, கதிர்வீச்சு இல்லை. தலையில் ஒரு பட்டையை மாட்டி, இரு நெற்றிப்பொட்டிலும் கருவியைப் பொருத்தி, நோயாளியைப் பெரும்பாலும் ஒரு மணி நேரம் பேசாமல் படுக்க வைக்க வேண்டும். அந்த ஒரு மணி நேரமும் பயிற்சி பெற்ற ஒருவர் அருகிலிருந்து கேட்க வேண்டும் என்பதில்தான் சிக்கல். கட்டிகளைத் தானே எண்ணும் மென்பொருள்கள் வந்துவிட்டன. கருவியைத் தானே சரியான இடத்தில் நிறுத்தும் ரோபோக்களும் வந்துள்ளன. என்றாலும் பயிற்சி பெற்ற செவிக்கு முழுமையான மாற்று இன்னும் அமையவில்லை. அத்துடன், பத்துப் பேரில் ஒருவருக்கேனும் நெற்றிப்பொட்டு எலும்பு தடித்திருப்பதால் சன்னல் திறப்பதில்லை. வயது முதிர்ந்த பெண்களிடம் இது கூடுதலாகக் காணப்படுகிறது.

ஒலி சொன்ன உண்மைகள்: கழுத்துத் தமனியில் அடைப்பு இருந்தும் எந்த அறிகுறியும் காட்டாத 467 பேரை லண்டனைச் சேர்ந்த ஹியூ மார்க்கஸ் தலைமையிலான பன்னாட்டுக் குழு தொடர்ந்து கண்காணித்தது. அதன் முடிவுகள் 2010-இல் வெளியாயின. நுண்கட்டி ஒலி கேட்டவர்களில் அடைப்பு உள்ள பக்கத்தில் பக்கவாதம் வரும் ஆண்டு விகிதம் 3.62 சதவீதம், ஒலி கேட்காதவர்களில் 0.70 சதவீதம். ஐந்து மடங்கு வேறுபாடு. அடைப்பின் அளவைக் காட்டும் ஸ்கேன் சொல்லாத செய்தி இது. அந்த அடைப்பு சும்மா இருக்கிறதா, துகள்களை வீசிக்கொண்டிருக்கிறதா என்பதை ஒலியே சொல்கிறது.

இதைவிட முக்கியமான பயன் மருந்துகளைச் சோதிப்பதில் கிடைத்தது. பக்கவாதத்தைத் தடுக்கும் மருந்தைச் சோதிக்க ஆயிரக்கணக்கான நோயாளிகளும் பல ஆண்டுகளும் தேவைப்படும். ஒலிகளை எண்ணினால் நூறு பேரும் ஒரு வாரமும் போதும். ஆஸ்பிரினுடன் குளோபிடோக்ரலையும் சேர்த்துக் கொடுத்தபோது, ஏழாம் நாளில் ஒலி நீடித்தவர்கள் 43.8 சதவீதம், ஆஸ்பிரின் மட்டும் பெற்றவர்களில் அது 72.7 சதவீதம் என்று 2005-இல் ஐரோப்பிய ஆய்வு ஒன்று கண்டது. மூளைக்குள்ளேயே தமனி சுருங்கும் நோய் ஆசியர்களிடம் அதிகம். அத்தகையோரிடம் ஹாங்காங், சிங்கப்பூர், மலேசியா உள்ளிட்ட இடங்களில் நடந்த ஆய்வும் 2010-இல் அதே திசையில் முடிவைத் தந்தது. பின்னர் சீனாவிலும் அமெரிக்காவிலும் ஆயிரக்கணக்கானோரிடம் நடந்த பெரும் ஆய்வுகள் 2013-இலும் 2018-இலும் அதனை உறுதிப்படுத்தின. இன்று தற்காலிகத் தாக்குதலுக்கு ஆளானவர்களுக்கு முதல் மூன்று வாரங்களுக்கு இரு மருந்துகளையும் சேர்த்துக் கொடுப்பது பரவலான நடைமுறையாகிவிட்டது. இரண்டுமே விலை குறைந்த மாத்திரைகள்.

ஆனால் அவற்றை உரிய நேரத்தில் கொடுக்க வேண்டும். ஆக்ஸ்ஃபோர்டில் 2007-இல் வெளியான ஆய்வு இதைத் தெளிவாக்கியது. தற்காலிகத் தாக்குதலுக்கு ஆளானவர்களை வாரக் கணக்கில் காத்திருக்க வைக்காமல் உடனடியாகப் பார்த்து, மருந்து தொடங்கியபோது, 90 நாள்களுக்குள் பக்கவாதம் வரும் விகிதம் 10.3 சதவீதத்திலிருந்து 2.1 சதவீதமாகக் குறைந்தது. புதிய மருந்து எதுவும் அங்கே கண்டுபிடிக்கப்படவில்லை. முன்கூட்டியே கொடுத்தார்கள், அவ்வளவே.

தில்லி தந்த நிறுவனம்: திருவனந்தபுரத்தில் உள்ள ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ அறிவியல், தொழில்நுட்ப நிறுவனம், திருவிதாங்கூர் அரச குடும்பம் 1973-இல் மாநில அரசுக்கு வழங்கிய கட்டடத்திலிருந்து வளர்ந்தது. 1976-இல் அன்றைய திட்டக்குழுத் துணைத் தலைவர் பி.என். ஹக்சர் அதைத் தொடங்கிவைத்தார். 1980-இல் நாடாளுமன்றச் சட்டத்தின் மூலம் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனமாகி, மத்திய அறிவியல், தொழில்நுட்பத் துறையின் கீழ் வந்தது. மருத்துவமனை ஒன்று சுகாதார அமைச்சகத்தின் கீழ் அல்லாமல் அறிவியல் துறையின் கீழ் அமைந்ததற்குக் காரணம் உண்டு. சிகிச்சையையும் கருவித் தயாரிப்பையும் ஒரே கூரையின் கீழ் கொண்டுவர வேண்டும் என்பதே அதன் நிறுவன இயக்குநர் டாக்டர் எம்.எஸ். வலியத்தானின் நோக்கமாக இருந்தது.

அந்த நோக்கத்தின் விளைவே சித்ரா இதய வால்வு. முந்தைய மூன்று மாதிரிகள் கைவிடப்பட்டு, நான்காவது மாதிரி 1990 டிசம்பரில் முதல் நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. முன்னாள் மத்திய நிதி அமைச்சர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி தொடங்கிய சென்னை டி.டி.கே. குழுமம் அதைத் தயாரித்துச் சந்தைக்குக் கொண்டுவந்தது. இதுவரை ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோருக்கு அந்த வால்வு பொருத்தப்பட்டுள்ளது. வலியத்தான் 2024 ஜூலையில் காலமானார்.

வால்வுக்கும் நுண்கட்டி ஒலிக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. உலோகமும் பிளாஸ்டிக்கும் கொண்ட எந்தச் செயற்கை வால்வின் மீதும் ரத்தம் உறையக்கூடும். எனவே ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரையை ஆயுள் முழுவதும் உட்கொண்டு, ஐ.என்.ஆர். என்னும் ரத்தப் பரிசோதனையைக் குறிப்பிட்ட இடைவெளியில் செய்துகொள்ள வேண்டும். செயற்கை வால்வு உள்ளவர்களுக்கு டாப்ளர் கருவியைப் பொருத்தினால் ஒலிகள் ஏராளமாகக் கேட்கும். முதலில் இது பெரும் அச்சத்தை உண்டாக்கியது. பின்னர் நோயாளிக்கு முகமூடி வழியே ஆக்சிஜன் கொடுத்துப் பார்த்தபோது ஒலிகள் வெகுவாகக் குறைந்தன. ரத்த உறைவுத் துணுக்கு ஆக்சிஜனால் கரையாது. வால்வு மூடும் வேகத்தில் உண்டாகும் நுண்ணிய வாயுக் குமிழிகளே பெரும்பாலான ஒலிகளுக்குக் காரணம் என்பது 1990-களின் இறுதியில் இவ்வாறு தெரியவந்தது. கருவி ஒலியை மட்டுமே கேட்டுச் சொல்லும். பொருளை மருத்துவர்தான் காண வேண்டும்.

இந்த நிறுவனத்தின் பக்கவாதச் சிகிச்சைப் பிரிவில் மூளைத் தமனி டாப்ளர், கழுத்துத் தமனி டாப்ளர் பரிசோதனைகளுக்கென ஆய்வகம் இயங்குகிறது. ஆனால் இது பரிந்துரையின் பேரில் நோயாளிகளை ஏற்கும் உயர்நிலை மையம். பரிந்துரைக்க ஒருவர் வேண்டும். பத்து நிமிடம் கை மரத்துப்போனது பரிந்துரைக்கத்தக்க செய்தி என்று அவருக்குத் தோன்றவும் வேண்டும்.

கோட்டின் இரு புறமும்: நெய்யாற்றின்கரைத் தாலுகாவின் பெயர் தமிழக அரசியல் அறிந்தோருக்குப் புதிதன்று. திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் கோரிய பகுதிகளில் அதுவும் ஒன்று. மார்ஷல் நேசமணி தலைமையிலான போராட்டமும், 1954 ஆகஸ்ட் 11-இல் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் நடந்த துப்பாக்கிச் சூடும், மாநிலச் சீரமைப்பு ஆணையத்தின் பரிந்துரையும் சேர்ந்து 1956 நவம்பர் 1-இல் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய தாலுகாக்களைச் சென்னை மாநிலத்துக்குத் தந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்திலேயே இருந்துவிட்டது. கோடு பாறசாலைக்கும் களியக்காவிளைக்கும் இடையே விழுந்தது. நெய்யாறு இடதுகரைக் கால்வாயில் விளவங்கோட்டுக்கு வந்துகொண்டிருந்த தண்ணீர் 2004-இல் நின்றுபோனதும், தமிழக அரசு உச்ச நீதிமன்றம் சென்றதும் அந்தக் கோட்டின் பிற்கால அத்தியாயங்கள்.

தண்ணீரைப் போல நோயாளியைக் கோடு தடுப்பதில்லை. களியக்காவிளையிலிருந்து திருவனந்தபுரமும் நாகர்கோவிலும் ஏறத்தாழ சம தூரத்தில் உள்ளன. ஒருபுறம் 1951-இல் தொடங்கிய திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரியும் ஸ்ரீ சித்திரை நிறுவனமும். மறுபுறம் ஆசாரிப்பள்ளத்தில் கன்னியாகுமரி அரசு மருத்துவக் கல்லூரி. சென்னை எழுநூறு கிலோமீட்டருக்கு மேல். பழைய உறவும் பழக்கமும் காரணமாக விளவங்கோட்டுக்காரர் பலருக்குப் பெரிய மருத்துவமனை என்றால் இன்றும் திருவனந்தபுரம்தான்.

எந்தப் பக்கம் செல்வது என்று தீர்மானிப்பதிலேயே நேரம் கரைகிறது. ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியை நோய் தாக்கிய நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். பெரிய குழாய் அடைபட்ட பக்கவாதத்தில், சிகிச்சையில்லாத ஒவ்வொரு நிமிடமும் ஏறத்தாழ 19 லட்சம் நரம்பணுக்கள் அழிகின்றன என்று 2006-இல் கணக்கிடப்பட்டது. இரு மாநிலங்களிலும் ஆம்புலன்ஸுக்கு 108 என்ற ஒரே எண்தான். ஆனால் இரண்டும் தனித்தனிச் சேவைகள்.

கிராமத்துக்கும் நகரத்துக்கும் உள்ள இடைவெளியைக் காட்ட ஒரு கணக்கு உண்டு. திருவனந்தபுரம் பக்கவாதப் பதிவேடு என்ற பெயரில் 2005-இல் ஆறு மாத காலம், ஒன்பது லட்சத்துக்கும் மேற்பட்ட மக்களிடையே புதிதாக வந்த பக்கவாதங்கள் பதிவு செய்யப்பட்டன. 2009-இல் வெளியான அதன் முடிவுகளின்படி, பக்கவாதம் தாக்கும் விகிதம் நகரத்தில் ஆண்டுக்கு லட்சத்துக்கு 135, கிராமத்தில் 138. வேறுபாடு இல்லை என்றே கூறலாம். ஆனால் 28 நாள்களுக்குள் உயிரிழந்தோர் நகரத்தில் 24.5 சதவீதம், கிராமத்தில் 37.1 சதவீதம். நோய் பாகுபாடு காட்டவில்லை. அதற்குப் பின் நடப்பவை காட்டுகின்றன. சுகாதாரக் குறியீடுகளில் நாட்டின் முன்னணியில் உள்ள மாநிலத்தின் தலைநகர் மாவட்டத்துக் கணக்கு இது என்பதை மறந்துவிடக் கூடாது.

பணம் வேறு. தமிழகத்தின் முதல்வர் காப்பீட்டுத் திட்டம் தமிழகக் குடும்ப அட்டைக்கு உரியது. கேரளத்தின் காருண்யா ஆரோக்கிய சுரக்ஷா திட்டம் கேரளக் குடும்பங்களுக்கு உரியது. மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் திட்டம் எந்த மாநிலத்திலும் செல்லுபடியாகும் என்று 2018-இல் அறிவிக்கப்பட்டது. நள்ளிரவில் நோயாளியைத் தூக்கிக்கொண்டு ஓடும் குடும்பம், தன் அட்டை எதற்குக் கீழ் வருகிறது என்று ஆராய்ந்துகொண்டிருக்க முடியாது.

சாலை விபத்துக்கு இந்தக் குழப்பம் இல்லை என்பது வியப்பளிக்கிறது. தமிழக அரசு 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், தமிழக எல்லைக்குள் விபத்தில் சிக்கும் எவருக்கும், எந்த மாநிலத்தவராயினும், முதல் 48 மணி நேரச் சிகிச்சை கட்டணமின்றித் தரப்படுகிறது. களியக்காவிளையில் லாரி மோதிய பாறசாலைக்காரரிடம் அட்டை கேட்கப்படுவதில்லை. அதே இடத்தில் பக்கவாதத்தால் விழுந்தவருக்கு அத்தகைய ஏற்பாடு இல்லை. பக்கவாதமும் ஒரு விபத்துதான். ரத்தம் வெளியே தெரிவதில்லை, அவ்வளவே.

நீதிமன்றங்கள் இதில் அரசுகளைவிட முன்னே சென்றுள்ளன. அவசர சிகிச்சை மறுக்கப்படுவது வாழும் உரிமைக்கு எதிரானது என்று மேற்கு வங்கத்தைச் சேர்ந்த வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் 1996-இலேயே கூறியது. கொரோனா ஊரடங்கின்போது மங்களூர் செல்லும் காசர்கோடு நோயாளிகளைத் தலப்பாடி எல்லையில் கர்நாடகம் தடுத்தபோது, சாலைத் தடைகளை அகற்ற நடவடிக்கை எடுக்குமாறு மத்திய அரசுக்குக் கேரள உயர் நீதிமன்றம் 2020 ஏப்ரல் 1-இல் உத்தரவிட்டது. சில நாள்களில் உச்ச நீதிமன்றம் வரை சென்றபின் நோயாளிகளுக்கு வழி திறந்தது. அந்த வழி திறப்பதற்கு ஒரு பெருந்தொற்றும் இரு நீதிமன்றங்களும் தேவைப்பட்டன.

பெயரில் இருந்து மறைந்தது: மத்திய அரசு 2010-இல் தொடங்கிய தேசியத் திட்டத்தின் பெயரிலேயே புற்றுநோய், நீரிழிவு, இதயநோய் ஆகியவற்றுடன் பக்கவாதமும் இடம்பெற்றிருந்தது. 2023-இல் அது தொற்றாநோய்த் தடுப்புத் திட்டம் என்று பெயர் மாற்றப்பட்டது. பல புதிய நோய்களையும் உள்ளடக்க வேண்டியிருந்தது என்பது அதற்கான விளக்கம். விளக்கத்தில் குறை காண இயலாது. ஆனாலும் இந்த நோய்க்குத் தலைநகரில் இருந்த ஒரே பெயர்ப்பலகை கழற்றப்பட்டது என்பதும் உண்மை.

தில்லியிலிருந்து வந்த மற்றொரு சட்டமும் இதைத் தொடுகிறது. கருவிலேயே பாலினம் அறிந்து பெண் சிசுவை அழிப்பதைத் தடுக்க 1994-இல் இயற்றப்பட்ட சட்டத்தின்படி, கருவின் பாலினத்தைக் காட்டக்கூடிய ஒவ்வொரு அல்ட்ராசவுண்ட் கருவியும் மாவட்ட அளவில் பதிவு செய்யப்பட வேண்டும். கையில் எடுத்துச் செல்லும் கருவிகளுக்கு 2012-இல் கட்டுப்பாடு மேலும் இறுகியது. 2011 மக்கள்தொகைக் கணக்கில் ஆறு வயதுக்கு உட்பட்ட ஆயிரம் ஆண் குழந்தைகளுக்கு 834 பெண் குழந்தைகளே இருந்த ஹரியாணாவை நினைத்தால், இந்தச் சட்டம் வேண்டாம் என்று யாரும் வாதிட முடியாது. கேரளத்தில் அந்த எண்ணிக்கை 964. நுண்கட்டி ஒலியைக் கேட்கும் மூளை டாப்ளர் கருவி படம் எதையும் காட்டாது. அலைக் கோடுகளும் ஒலியுமே அதில் உண்டு. ஆனால் கழுத்துத் தமனியைப் படம் பிடிக்கும் சாதாரண ஸ்கேன் கருவி சட்டத்துக்கு உட்பட்டது. நெய்யாற்றின்கரையில் பதிவான கருவியை வண்டியில் ஏற்றி, எல்லைக்கு அப்பாலான ஊரில் முகாம் நடத்திவிட முடியாது. அங்கே மாவட்டம் வேறு, மாநிலம் வேறு, அதிகாரியும் வேறு.

ஊரில் செய்யக்கூடியவை: ஒவ்வொரு தாலுகா மருத்துவமனையிலும் நுண்கட்டி ஒலியைக் கேட்கும் கருவி வைக்க வேண்டும் என்று மருத்துவ உலகில் எவரும் கோரவில்லை. ஒரு நோயாளிக்கு ஒரு மணி நேரமும் தேர்ந்த ஒரு செவியும் தேவைப்படும் பரிசோதனை அது. பெரும்பாலும் உயர்நிலை மையங்களிலும் ஆய்வுகளிலும் அது நின்றுவிடுகிறது. ஆனால் அங்கே கேட்ட ஒலி கற்பித்தவற்றைக் கிராமத்துக்குக் கொண்டுவரத் தடையில்லை. கட்டி எங்கிருந்து புறப்படுகிறது என்பது தெரிந்ததே. ஒன்று கழுத்துத் தமனியின் கொழுப்புப் படிவு. மற்றொன்று, சீரற்றுத் துடிக்கும் இதயத்தின் இடது மேலறை. இளவயதில் வந்த ருமாட்டிக் காய்ச்சலால் வால்வு சுருங்கியவர்களிடமும் முதியவர்களிடமும் இந்தச் சீரற்ற துடிப்பு காணப்படுகிறது. அதைக் கண்டறியும் முதல் கருவி மணிக்கட்டில் வைக்கும் மூன்று விரல்கள்தாம். தாளம் தப்பித் தப்பி அடிக்கும் நாடி விரலுக்குத் தெரிந்துவிடும். உறுதிசெய்ய ஒரு இ.சி.ஜி. போதும்.

நாடி பார்க்கும் மரபுக்கு இந்தப் பகுதியில் பஞ்சமில்லை. விளவங்கோடும் கல்குளமும் வர்ம ஆசான்களின் மண். பக்கவாதம் வந்தவர்களை எண்ணெய்த் தடவலுக்கும் தொக்கணத்துக்கும் அழைத்துச் செல்வது எல்லையின் இரு புறமும் இன்றும் உண்டு. தளர்ந்த கைகால்களைப் பழக்குவதில் அதற்கு என்ன இடம் என்பது தனி விவாதம். முதல் நாலரை மணி நேரத்தில் அதற்கு இடமில்லை என்பதில் விவாதமே இல்லை. அடைப்பா, ரத்தக் கசிவா என்பதை ஸ்கேன் எடுக்காமல் எந்த ஆசானும், எந்த எம்.டி.யும் சொல்லிவிட முடியாது.

மொழியும் இதில் உண்டு. பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பகுதித் தமிழர்கள் மலையாளமும் பேசுவர். தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் அரசுக்குத் தங்கள் மொழியில் எழுத 1969-ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம் உரிமை தருகிறது. ஆனால் பக்கவாதம் முதலில் பறிப்பது எழுத்தையன்று, பேச்சை. நோயாளியின் பேச்சு குழறுகிறதா, சொல் தட்டுகிறதா என்பதைத் தாய்மொழியில் பேசவைத்துப் பார்த்தால்தான் நுணுக்கமாகத் தெரியும். வீட்டில் தமிழ் பேசும் மூதாட்டியிடம் மலையாளத்தில் கேள்வி கேட்டு, அவர் தடுமாறினால் அது மொழியின் தடுமாற்றமா, மூளையின் தடுமாற்றமா என்பதை மருமகளோ பேரனோ உடனிருந்து சொல்ல வேண்டியிருக்கிறது.

தமிழகத்தில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் ரத்த அழுத்த மாத்திரைகள் வீடு தேடி வருகின்றன. கேரளத்தில் 2017-இல் தொடங்கிய ஆர்த்ரம் இயக்கம் ஆரம்ப சுகாதார நிலையங்களைக் குடும்ப நல மையங்களாக மாற்றியது. இரு மாநிலங்களிலும் ஊழியர்கள் ரத்த அழுத்தக் கருவியுடன் வீடு வீடாகச் செல்கின்றனர். அதே வருகையில் மணிக்கட்டைப் பிடித்து நாடியின் ஒழுங்கைப் பார்ப்பதற்கோ, 'கடந்த மாதத்தில் எப்போதாவது கை மரத்து, வாய் குழறி, பின்பு சரியானதா' என்று ஒரு கேள்வி கேட்பதற்கோ நாடாளுமன்றத்தின் சட்டத் திருத்தம் தேவையில்லை. இரு தலைமைச் செயலகங்கள் பேசிக்கொள்ள வேண்டியதும் இல்லை. அந்தக் கேள்விக்கு ஆம் என்பவரை அன்றே பாறசாலை தாலுகா மருத்துவமனைக்கோ, நெய்யாற்றின்கரை பொது மருத்துவமனைக்கோ, எல்லைக்கு இப்பால் குழித்துறைக்கோ அனுப்பலாம்.

விடியற்காலையில் கை மரத்துப்போன பால்வெட்டுத் தொழிலாளி பத்து மணிக்கெல்லாம் பால் எடுத்து, உறை ஊற்றி, ஷீட் அடிக்கப் போய்விடுவார். முதல் இரண்டு நாள்களில் ஐந்து மணி நேரம் அதற்குள் கழிந்திருக்கும்.